ரூபேந்திரனின் நூரி

ரூபேந்திரன் அடுத்தவர் வேலையில் குறை கண்டுபிடிப்பவர். சிங்கப்பூர்த் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதகராக அதைச் சம்பளத்துக்குச் செய்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்கு இலவசமாகச் செய்தார்.

சிங்கப்பூர் எல்லைக்கு இந்தப் பக்கம், தெப்ராவில் மாடல் கிட் விற்கும் கடையின் மாடியில் மாதம் ஒரு ஞாயிறு பத்துப் பதினைந்து பேர் கூடுவோம். அவரவர் ஒட்டி வர்ணம் பூசிய சின்ன விமானங்களை மேசையில் வைப்போம். ரூபேந்திரன் எதையும் வைக்க மாட்டார். சாவிக்கொத்தில் தொங்கும் பூதக்கண்ணாடியோடு மேசை மேசையாக வருவார், அவ்வளவுதான். கூலாயில் அவர் வீட்டில் பிரிக்காத கிட் பெட்டிகள் நாற்பதுக்கு மேல் இருந்தன. பிரித்தால் கட்ட வேண்டும். கட்டினால் மற்றவர்கள் பார்ப்பார்கள். ஆகவே பிரிக்கவில்லை.

பிரேமலா காஹாங்கில் செம்பனை ஆலை அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். தான் கட்டிய முதல் மாடலான ஒரு சிவப்பு மீட்பு ஹெலிகாப்டரை மடியில் வைக்காத குறையாகக் காரில் கொண்டுவந்திருந்தார். ரூபேந்திரன் கண்ணாடியை வைத்துப் பார்த்தார்.

"இதுக்குப் பெயிண்ட் பிரஷ்ல அடிச்சீங்களா, தொடப்பத்துலயா?"

பிரேமலா அதைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். எங்களைக் கூட்டி நடத்தும் ஜெயபாலன் சாருக்கு அன்றைக்குப் பொறுக்கவில்லை.

"எல்லாருக்கும் சொல்றீங்க. நீங்க ஒண்ணு கட்டிக் காட்டுங்க லா."

"கட்டுனா நூரிதான் கட்டுவேன்" என்றார் ரூபேந்திரன். "இந்த மாதிரி சின்னப் பிள்ளைங்க சாமான் இல்ல."

நூரி நம் விமானப்படை பல ஆண்டுகள் ஓட்டிய பெரிய ஹெலிகாப்டர். அவர் வரவழைத்த கிட், ஐரோப்பாவில் யாரோ ஒரு சிறு நிறுவனத்தார் செய்தது. உடல் இரண்டு பாதியாக வந்தது. இரண்டும் ஒன்றோடொன்று சேரவில்லை. எந்தத் துண்டு எங்கே உட்காரும் என்று காட்டும் முளையோ துளையோ கிடையாது. விளக்கத்தாள் ஒரே ஒரு பக்கம். அதையும் ரூபேந்திரன் படிக்கவில்லை. விளக்கத்தாள் முட்டாள்களுக்கு என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் எழுதினார்.

ஏழு மாதம் எங்கள் பாடு திண்டாட்டமானது. இடைவெளியில் பட்டி பூசிய படம், உப்புத்தாளால் தேய்த்த படம், மறுபடி பட்டி பூசிய படம். ஒவ்வொன்றின் கீழும், "உங்களில் யாராலும் இதைச் செய்ய முடியாது" என்று ஒரு வரி. சாப்பாட்டு மேசையை அவர் பிடித்துக்கொண்டதால் மனைவி யோகேஸ்வரி அடுப்படியில் நின்றபடியே சாப்பிட்டாராம். விமானி அறைக்கான கண்ணாடித் துண்டு ஒன்றே ஒன்றுதான் வந்திருந்தது. வெட்டும்போது அதை உடைத்துவிட்டார். பிறகு மரத்தில் அச்சுச் செதுக்கி, தண்ணீர் போத்தலின் பிளாஸ்டிக்கைச் சூடாக்கி அதன்மேல் இழுத்துப் புதுக் கண்ணாடி செய்தார். அது நல்ல வேலை. அதை நான் மறுக்க மாட்டேன். அந்த ஒன்றோடு நிறுத்தியிருக்கலாம்.

பேரங்காடி ஒன்றில் எங்கள் ஆண்டுக் கண்காட்சியும் போட்டியும் நடந்தன. நூரியை நடு மேசையில் வைத்து, "தொடாதீர்கள்" என்று மூன்று மொழியில் எழுதிய அட்டையையும் வைத்தார். பிரேமலா தன் சித்தப்பா அர்ச்சுனனைக் கூட்டி வந்திருந்தார். விமானப்படையில் பதினெட்டு ஆண்டு நூரிக்குப் பராமரிப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"ரொம்ப அழகா செஞ்சிருக்கீங்க" என்றார். "ஒண்ணு மட்டும் சொல்லலாங்களா? மேல உள்ள அஞ்சு இறக்கையும் திருப்பி மாட்டிருக்கு. தடிச்ச ஓரம்தான் காத்த வெட்டிக்கிட்டு முன்னால போகும். நீங்க மெல்லிசான ஓரத்த முன்னால வச்சிருக்கீங்க."

"நீங்க மாடல் கட்டுவீங்களா?"

"இல்லீங்க. நிஜத்ததான் கழட்டி மாட்டிருக்கேன்."

பக்கத்தில் நின்ற இருவர் சிரித்தார்கள். ரூபேந்திரனின் காது சிவந்தது.

"நான் இருநூறு போட்டோ பாத்துட்டுச் செஞ்சேன். உங்களுக்கு வயசாயிடுச்சு, மறந்திருப்பீங்க."

அர்ச்சுனன் தலையை ஆட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். ஜெயபாலன் சார் ரூபேந்திரனை ஓரமாக அழைத்தார். "நடுவருங்க வர இன்னும் அரை மணி நேரம் இருக்கு. கழட்டித் திருப்பி ஒட்டிடுங்க. நாங்க யாரும் பாக்கல."

"திருப்பி ஒட்டுனா அந்தாளு சொன்னது சரின்னு ஆயிடும்" என்றார் ரூபேந்திரன்.

ஒட்டவில்லை. முதலில் கிட்டில் கோளாறு என்றார். அப்புறம் நூரியில் அப்படி ஒரு தனி வகை இருந்தது என்றார். நடுவர்கள் நூரியைத் தாண்டிப் போனதும் அதைத் தூக்கிக்கொண்டு வெளியேறினார். அன்று மாலையே வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் விலகினார். குழுவில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

தீபாவளிக்கு அவர் வீட்டுக்குப் போனேன். கூடத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் நூரி. ரூபேந்திரன் வாசலில் பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். முறுக்குத் தட்டை வைத்த யோகேஸ்வரி என் பார்வை போன இடத்தைக் கவனித்தார்.

"போன மாசம் தூசி தட்டுறப்போ ஒரு இறக்கை கழண்டுச்சு" என்றார் தணிந்த குரலில். "அந்தப் பெரியவர் சொன்னாராமே, அந்த மாதிரியே நான் ஒட்டி வச்சேன். இவர் பாத்துட்டு அதப் பிச்சு, பழையபடியே ஒட்டிட்டாரு. என்கூட ரெண்டு நாள் பேசல."

இறக்கை திரும்பியிருப்பது அதுவரை ரூபேந்திரனுக்குத் தெரியவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். ஐந்தில் எது சரி என்று பார்த்து, அந்த ஒன்றை மட்டும் பிய்த்துத் தவறாக ஒட்டியிருக்கிறார்.

அவர் பக்கத்து வீட்டுக்காரரோடு உள்ளே வந்தார். "இது சாதாரண நூரி இல்ல. தனி வகை" என்று ஆரம்பித்தார். நான் முறுக்கை எடுத்துக்கொண்டு யோகேஸ்வரியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.