கில்கிரைஸ்ட் ஆற்றைக் கடந்த கதை

உப்புக் கிண்ணம் இந்தக் கரை. கடுகுக் குப்பி அந்தக் கரை. நடுவில் படுக்க வைத்த கறிக்கத்தி வைமோனா ஆறு. மாண்புமிகு மர்டோ கில்கிரைஸ்ட் தம் முள்கரண்டியை எடுத்து உப்புக்குப் பக்கத்தில் நிறுத்துகிறார், அது அவர். மேசையில் பேச்சு அடங்கும்வரை அதை நிமிர்த்திப் பிடித்திருக்கிறார். "நாங்க வந்தப்ப இங்க ஒண்ணுமே இல்லை," என்று தொடங்குகிறார். தேர்தல் விருந்தானாலும் கல்யாணமானாலும் சாவு வீடானாலும், ரொட்டி வருவதற்குள் அவர் இந்த ஆற்றை ஒருமுறை கடந்தாக வேண்டும்.

ஆள் உயரம் இல்லை. தொப்பியை மட்டும் உயரமாக வாங்குகிறார். கப்பலேறி இந்த நாட்டுக்கு வந்த முதல் வருஷம் போட்ட முரட்டுக் கால்சட்டையைக் கண்ணாடிச் சட்டத்தில் அடைத்து முன்கூடத்தில் மாட்டியிருக்கிறார். வருகிறவர்களுக்கெல்லாம் முழங்கால் கிழிசலைத் தொட்டுக் காட்டுவார். கிழிசலுக்கு ஒட்டுப் போட்டது யார் என்று கேட்டால், நினைவில்லை என்பார். குதிரையில் போகும்போது தம் வேலிக் கம்பங்களைச் சவுக்கு நுனியால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போவார்.

பொய் சொல்லக் கூடாது, நல்ல உழைப்பாளி. மந்திரிகளோடு உட்கார்ந்து பழகிய பிறகும், ஆட்டு ரோமம் கத்தரிக்கிற காலம் வந்தால் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு கொட்டகையில் இறங்கிவிடுகிறார். வேலைக்காரனுக்குக் காய்ச்சல் என்றால் தம் போர்வையைக் கொடுத்தனுப்புவார். கொடுக்கத் தெரியும். தமக்கு ஒருவர் கொடுத்தார் என்பதை மட்டும் அவரால் ஒப்புக்கொள்ள முடியாது. வயதும் பதவியும் ஏற ஏற இந்த நோய் முற்றிக்கொண்டு வருகிறது.

நடந்தது இதுதான். இருபது வருஷத்துக்கு முன், வேறொருவருடைய ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்த மர்டோ, வெள்ளம் வடிவதற்குள் ஆற்றில் இறங்கி, நடு ஆற்றுச் சரளைத் திட்டில் மாட்டிக்கொண்டு அலறினார். கழிமுகத்தில் குடியிருந்த, இந்த மண்ணின் பூர்வகுடி மாவோரிப் பெண் பிரிஹிராவும் அவள் தம்பி தெயோனேயும் கழியோடு போனார்கள். வெள்ளத்தில் அந்த மக்கள் ஆற்றைக் கடக்கும் முறை அது. நீளமான ஒரு கழியை எல்லோரும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்து, ஒரே வரிசையாக நடப்பார்கள். பலசாலி, தண்ணீர் வந்து மோதுகிற நுனியில். ஆறு பழகாதவன் நடுவில். ஒருவன் கால் வழுக்கினால் மற்றவர்கள் தாங்குவார்கள். மர்டோவை நடுவில் போட்டுக்கொண்டு கரை சேர்த்தார்கள். அந்தக் குளிர்காலம் முழுக்க அவர் பிரிஹிராவின் அம்மா வீட்டில்தான் சாப்பிட்டார். கால்சட்டைக்கு ஒட்டுப் போட்டதும் அந்த அம்மாதான்.

முதல் தேர்தலின்போது அவர் மேசையில் முள்கரண்டிக்கு இரு பக்கமும் இரண்டு தேக்கரண்டிகள் இருந்தன. பெயர்களையும் சொன்னார். சாலை வாரியத் தலைவரானதும் ஒரு கரண்டி காணாமல் போயிற்று; மற்றது "உள்ளூர் ஆளு ஒருத்தன்" ஆயிற்று. மாகாண சபைக்குப் போனபின் கரண்டியே இல்லை, ஓர் உருளைக்கிழங்கு மட்டும். "வெள்ளத்துல ஒரு கட்டை வந்துது. அதைப் பிடிச்சுக்கிட்டு, தன்னந்தனியா கடந்தேன்!" ஆட்களை உதிர்த்துவிட்டுக் கழியை மட்டும் மிச்சம் வைத்துக்கொண்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறோம்; இவர் கதை முடிந்ததும் அந்தக் கிழங்கை வெண்ணெய் தடவிச் சாப்பிட்டும் விடுகிறார்.

கதையோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். தெயோனே மார்ச்சளியில் இறந்த பிறகு பிரிஹிராதான் கழிமுகத்தில் படகு ஓட்டிவந்தாள். போன சபைக் கூட்டத்தில் கில்கிரைஸ்ட் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். ஆற்றுக்குப் பாலம் வரும். அது மேலே அவருடைய ரோமக் கொட்டகை வாசலில் வரும். ஆகவே கீழே படகு தேவையில்லை. பாலத்துக்கு இன்னும் ஒரு கல் விழவில்லை. படகுக்குப் பூட்டு விழுந்துவிட்டது. பிரசவ வலி கண்ட ஒருத்தியை, அக்கரை வைத்தியரிடம் சேர்க்க மாட்டு வண்டியில் போட்டு, மேலே ஆழமில்லாத துறை வழியாக ஒரு பகல் முழுக்கச் சுற்றிக்கொண்டு போனார்கள். தாய் பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை. இதைக் கேட்டுக் கில்கிரைஸ்ட் தொப்பியைக் கழற்றினார், பூட்டைக் கழற்றவில்லை.

இந்தத் தேர்தல் அன்று மதியம் இக்கரையில், டெவெனியின் விடுதியில் அவருக்கு விருந்து. மாலையில் அக்கரையில் முடிவு அறிவிப்பார்கள். கதை உருளைக்கிழங்குக்கு வந்த நேரத்தில் பிரிஹிரா வாசற்படியில் வந்து நின்றாள்.

"மர்டோ, அந்தக் கட்டை நான்தான்."

மேசை சிரித்தது. கில்கிரைஸ்டும் சிரித்தார். "வா பிரிஹிரா. சமையல்கட்டுல போய் ஏதாவது வாங்கிச் சாப்பிடு."

"சாப்பிட வரலை. படகுச் சாவியைக் குடு."

"சபை எடுத்த முடிவும்மா. நான் தனி ஆளு, என்ன பண்ண முடியும்?"

"ஆத்தையே தனியாக் கடந்த ஆளு. ஒரு பூட்டைத் திறக்க முடியாதா?"

விடுதிக்காரன் டெவெனி, அயர்லாந்துக்காரன், சிரிப்பை அடக்கத் தட்டால் முகத்தை மறைத்துக்கொண்டான். கில்கிரைஸ்டின் காது மடல் சிவந்தது. "நாங்க வந்தப்ப இங்க படகா இருந்துது? ஒண்ணுமே இல்லை!"

"ஒண்ணுமில்லாத ஊர்ல குளிர்காலம் பூரா யார் வீட்டு விலாங்கு மீனைத் தின்னே? எங்கம்மா சுட்டுப் போட்ட கிழங்கு வானத்துலேருந்தா விழுந்துது?"

அவளுக்கு ஓட்டு இல்லை. அது மேசையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். கில்கிரைஸ்ட் கிழங்கை இரண்டாக வெட்டி வாயில் போட்டுக்கொண்டார்.

வெளியே வடமேற்குக் காற்று சூடாக அடித்துக்கொண்டிருந்தது. அந்தக் காற்று அடித்தால் மலையில் மழை என்று அர்த்தம். இங்கே வானம் பளிச்சென்று இருக்கும்போதே ஆறு ஏறிவிடும். காலையில் அவர் குதிரையில் நனையாமல் கடந்த ஆறு, விருந்து முடிந்து வந்து பார்த்தபோது செம்மண் நிறத்தில் நெஞ்சளவு ஓடியது. குதிரை காலை ஊன்றிக்கொண்டு நகர மறுத்தது. அக்கரையில் கொடி, கூட்டம், வாத்தியம்.

"படகு இதோ இருக்குங்க ஐயா," என்றான் டெவெனி. "சாவி எங்க?"

"ஆபீஸ்ல."

"ஆபீஸ் எங்க?"

கில்கிரைஸ்ட் அக்கரையைப் பார்த்தார்.

பிரிஹிரா தன் வீட்டுக் கூரையில் செருகியிருந்த கழியை எடுத்து வந்தாள். டெவெனி அவள் காதருகே, "விடுங்க அக்கா. கட்டை ஏதாச்சும் மிதந்து வரும், பிடிச்சுக்கிட்டுப் போகட்டும்," என்றான்.

"வாயை மூடு. ஆளை ஆத்தங்கரையில நிறுத்தி வேடிக்கை பார்க்கிற குடும்பம் இல்லை எங்களுது. நீ கீழ்நுனியைப் பிடி."

தண்ணீர் மோதும் நுனியை அவள் பிடித்தாள். நடு ஆற்றில் மாண்புமிகு அங்கத்தினர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். "விட்டுடாதே பிரி, விட்டுடாதே," என்றார். இருபது வருஷத்துக்கு முன் சொன்ன அதே வார்த்தைகள். பிரிஹிரா அந்த வாயைத் திரும்பிப் பார்த்தாள். இந்த வாய்தானே அவளையும் செத்துப்போன தம்பியையும் ஒரு கிழங்காக்கித் தின்றது! ஆறு கடக்கும்வரை அண்ணன் தம்பி, கடந்தபின் நீ யார் நான் யார். ஒரு கணம் கையைத் தளர்த்தினால் போதும். அவள் கழியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

கரையேறியும் அவர் விரல்கள் பிரியவில்லை. குழந்தையின் கையிலிருந்து கத்தியை வாங்குவதுபோல் அவள் ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டாள். "இப்பவாச்சும் சாவியைக் குடு, மர்டோ," என்றாள்.

அதற்குள் மேட்டிலிருந்து, "கில்கிரைஸ்ட்! கில்கிரைஸ்ட்!" என்று கூச்சல் எழுந்தது. ஜெயித்துவிட்டார். அவர் கோட்டுப் பொத்தானைப் போட்டார். தொப்பியிலிருந்த தண்ணீரை உதறி வைத்துக்கொண்டார். அவளும் டெவெனியும் ஆற்றைத் திரும்பக் கடந்து வீடு போவதற்கு இருந்த அந்தக் கழியை அவள் கையிலிருந்து வாங்கி, தலைக்கு மேல் உயர்த்திக் கூட்டத்துக்குக் காட்டிக்கொண்டே, திரும்பிப் பாராமல் மேடேறிப் போனார்.