குடைக் கிழவரின் மழை

மழைச் சத்தம் கேட்டு, காயப்போட்ட துணியை எடுக்க ஓடினேன். வெளியே நல்ல வெயில். மழை பெய்தது மகளின் கேமில். பல கேம்களின் வீரர்களை ஒன்றாக மோதவிடும் புது ஆட்டம் அது.

"குடைக் கிழவர் ரொம்ப வீக் லா, ம்மா. அவரோட ஸ்டேஜ்தான் அழகு, மழையெல்லாம் பெய்யுது," என்றாள்.

என் சிறுவயதில், ஜார்ஜ்டவுனில் எங்கள் வீட்டுக்குக் கீழே இருந்த, காசு போட்டு ஆடும் கேம் கடையிலும் அந்தக் கிழவரை யாரும் எடுக்கமாட்டார்கள், ஃபேக்டரி சட்டையோடு வரும் பொன்னி அக்காவைத் தவிர. அவரை எடுத்தால்தான் அந்த மழை வரும்.

"தோத்துருவீங்க அக்கா, வேற ஆள எடுங்க," என்றான் ஒருநாள் எதிரே ஆட நின்றவன்.

"மழை பாக்கத்தான் தம்பி காசு போட்டேன்."

ஆட்டம் தொடங்கியதும் அக்கா கையை எடுத்துவிட்டாள். கிழவர் குடையோடு சும்மா நின்றார். ஓட்டுக்கூரையிலிருந்து நீர் சொட்ட, குளத்தில் வட்டங்கள் விரிந்தன. அடிக்க வந்தவனின் கையும் மெல்ல நின்றது. நேரம் தீரும்வரை, சிகரெட் புகைக்கு நடுவே, கடையே மூச்சடக்கி மழை பார்த்தது.

இன்று மகள் பக்கத்தில் உட்கார்ந்து, அவளுக்கு எதிராகக் கிழவரை எடுத்தேன்.

"ஏம்மா அடிக்காம நிக்கிறீங்க?"

மழையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் விரல்களும் ஓய்ந்தன.

"ம்மா," என்றாள் மெதுவாக, "குளத்துல மீன் இருக்கு."