பி.ஜி. தொப்பி

அல்பேர்ட்டிடம் ஒரு கேள்வியை மட்டும் கேட்கக்கூடாது. வயதைக் கேட்கலாம், வருமானத்தைக்கூடக் கேட்கலாம், சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார். "நீர் எதுவரை படிச்சனீர்?" என்று கேட்டுவிட்டால் போதும், மேசையிலிருந்து நாலைந்து குண்டூசிகளை எடுத்து உதடுகளுக்கிடையில் வைத்துக்கொள்வார். ஜெர்மனியின் பீலெஃபெல்ட் நகரில் உடுப்புத் திருத்தித் தைக்கும் கடை அவருடையது. வாய் நிறைய ஊசி வைத்திருக்கும் மனுசனிடம் பதில் கேட்டு நிற்க யாருக்கு மனம் வரும்? வந்த நாளிலிருந்து அந்த ஊசிகள்தான் அவரைக் காப்பாற்றி வந்தன.

யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு இந்தக் கேள்வியைக் கேட்காமல் தேத்தண்ணி இறங்காது. பேக்கரியில் மா குழைக்கும் வின்சன்ற், ஊரில் தான் பி.எஸ்சி. என்பதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுவார். அதில் குற்றம் காண ஒன்றுமில்லை. ஓடி வந்தபோது கையோடு கொண்டுவர முடிந்தது அது ஒன்றுதான்.

அல்பேர்ட்டிடம் அதுவும் இல்லை. எண்பத்தைந்தில், பல்கலைக்கழகம் போவதற்கான ஏ.எல். சோதனைக்குக் கொஞ்ச நாள் இருக்க, ஒரு சுற்றிவளைப்பில் ஆமி அவரைப் பிடித்துக்கொண்டு போனது. வெளியே விட்டபோது சோதனையும் போய்விட்டிருந்தது, படிக்கிற மனமும் போய்விட்டிருந்தது. வீட்டார் அவரைக் கிழக்கு பெர்லின் வழியாக ஜெர்மனிக்கு அனுப்பிவைத்தார்கள். மறியலில் இருந்த கதையை மனைவி மரியமலரைத் தவிர யாருக்கும் அவர் சொன்னதில்லை. (யாழ்ப்பாணத்தில் சிறைக்கு மறியல் என்றுதான் பெயர்.) சொன்னால், படிக்காததற்குச் சாட்டுச் சொல்கிறான் என்பார்கள். அதைவிட மோசம், உள்ளே என்ன செய்தார்கள் என்று அடுத்த கேள்வி வரும். அந்தக் கேள்விக்கு ஊசிகள் போதாது.

அப்படிப்பட்ட அல்பேர்ட்டுக்கு வாய்த்த நண்பர்தான் கோஜோ ஆன்சா. கானா நாட்டுக்காரர், எழுபத்தைந்து தாண்டியவர், ஒரே கத்தோலிக்கக் கோவிலில் பூசைக்கு வருகிறவர். அறுபதுகளில் ஜெர்மனிக்கு வந்து, இங்கே ஒரு தையல் மெஷின் தொழிற்சாலையில் மெஷின் பாகங்களைப் பொருத்திப் பூட்டியே ஓய்வு பெற்றவர். கடைக்கு வந்தால் கதிரையை இழுத்துப்போட்டு இருந்துகொண்டு, அல்பேர்ட்டின் பழைய மெஷின் ஓடும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பார். அது தன் கையால் பூட்டியதாகத்தான் இருக்கவேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். இரண்டு பேரும் பேசும் ஜெர்மனைக் கேட்டால் ஜெர்மன்காரனுக்குத் தலை சுற்றும். அவர்களுக்கோ அது தாராளமாக விளங்கியது. படிப்பைப் பற்றி ஒருநாளும் கேட்காத மனிதர் என்பதால் அல்பேர்ட்டுக்கு அவர்மேல் கொள்ளை ஆசை.

2007 பெப்ரவரியில் கோஜோ ஒரு வெள்ளைத் துணியோடு வந்தார். மார்ச் மாதம் கானாவின் சுதந்திரப் பொன்விழா. அதற்குப் போட ஒரு தொப்பி வேண்டும், நெற்றியில் பி, ஜி என்று இரண்டு எழுத்துப் பூத்தையலில் வரவேண்டும்.

"இது என் பட்டம்" என்று நெஞ்சைத் தட்டிச் சிரித்தார். "ஜி என்றால் கிராஜுவேட்."

எந்த யாழ்ப்பாணத்தானுக்கும் பி.ஜி. என்றால் ஒன்றுதான். போஸ்ட் கிராஜுவேட், பட்டத்துக்கு மேல் பட்டம். அல்பேர்ட் மெஷினை நிறுத்திவிட்டார். இவ்வளவு படித்த மனிதரா இத்தனை வருடமும் என் கடைக் கதிரையில் இருந்து பகிடி விட்டார் என்று அவருக்கு மலைப்பாக இருந்தது.

அந்த நேரம் பார்த்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பரிசளிப்பு விழாவும் வந்தது. பிரதம விருந்தினராக வர ஒத்துக்கொண்ட டொக்டர் கடைசி நேரத்தில் வர ஏலாது என்றுவிட்டார். பள்ளிக்கூடத்தை நடத்தும் ஜேசுரட்ணம் மாஸ்ரர் தலையில் கையை வைத்துக்கொண்டு கடையில் வந்து நின்றார்.

"பேருக்குப் பின்னால நாலு எழுத்தில்லாத ஆளை மேடையில ஏத்த ஏலாது, அல்பேர்ட். பெற்றோர் என்னைத் தின்றுபோடுவினம்."

அல்பேர்ட் வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். "மாஸ்ரர், எனக்கு ஒரு பி.ஜி.யைத் தெரியும்."

வாழ்க்கையில் முதன்முதலாகப் படிப்பு விசயத்தில் தன்னிடமும் கொடுக்க ஒன்று இருந்ததில் அவருக்கு எவ்வளவு பெருமை என்று சொல்லி முடியாது. கோஜோ கேட்டவுடனே சம்மதித்தார். ஜெர்மன் அவ்வளவு ஓடாத தாய் தகப்பன்மாருக்காக அல்பேர்ட்டே பக்கத்தில் நின்று தமிழில் சொல்வதென்று ஏற்பாடு. செய்தி வாய்மாறி வாய்மாறி, விழா அழைப்பிதழில் கோஜோ 'கலாநிதி', அதாவது பி.எச்டி. பட்டக்காரர், ஆகிவிட்டார்.

விழாவுக்குப் போகும்போது காரில் கோஜோ தொப்பியைப் போட்டு, கண்ணாடியில் அழகு பார்த்தார். அல்பேர்ட் பேச்சுக்காகத்தான் கேட்டார், எந்த யூனிவசிற்றி என்று.

"யூனிவசிற்றியா? ஜெயில், அல்பேர்ட். பி என்றால் பிரிசன். பிரிசன் கிராஜுவேட்."

இன்றைக்கு அதைச் சொல்லாதீர்கள் என்று கேட்க அல்பேர்ட்டுக்கு வாய் உன்னியது. ஆனால் தொப்பியைத் தடவித் தடவி இருக்கும் மனிதரிடம் அதை எப்படிக் கேட்பது? மண்டபமும் வந்துவிட்டது.

மாஸ்ரர் 'கலாநிதி' என்பதை மூன்று தரம் அழுத்திச் சொல்லி அறிமுகம் செய்தார். முன்வரிசை எழுந்து நின்று கைதட்டியது. கோஜோ மைக்கைப் பிடித்தார்.

"எங்கள் நாட்டில் முதலில் வக்கீல்களும் பெரிய வியாபாரிகளும் ஒரு அமைப்பு நடத்தினார்கள். சுயாட்சி வேண்டும், ஆனால் இயன்றளவு விரைவில் என்றார்கள். நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். படுக்க இடமில்லாமல் பணக்காரர் வீட்டு வெராண்டாவில் படுத்தவன். எங்களை வெராண்டாப் பையன்கள் என்று ஏசினார்கள்."

அல்பேர்ட் தமிழில் சொன்னார். வெராண்டாவுக்கு யாழ்ப்பாணத்தில் விறாந்தை என்று பெயர். "விறாந்தைப் பொடியள்" என்றதும் மண்டபம் சிரித்தது. அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

"பிறகு மாநாட்டு மக்கள் கட்சி வந்தது. சுயாட்சி இப்போதே என்றது. எங்களைப் போன்ற அரைப்படிப்புக்காரரும் சந்தைப் பெண்களும்தான் அதன் பலம். அந்த ஏசலையே நாங்கள் பெயராக வைத்துக்கொண்டோம். கட்சிப் பத்திரிகை விற்றோம், ஒலிபெருக்கி கட்டிய வண்டியில் ஊர் ஊராகப் பாடினோம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதில் நாடே வேலைநிறுத்தம் செய்தது. துவக்கோ கத்தியோ எடுக்கவில்லை, ஆனாலும் வெள்ளைக்காரர் பிடித்து அடைத்தார்கள். எங்கள் தலைவரும் உள்ளேதான். உள்ளே இருந்துகொண்டே தேர்தலில் வென்றார். அடைத்தவர்களே கதவைத் திறந்து அரசாங்கம் நடத்தக் கூப்பிட்டார்கள்." கொஞ்சம் நிறுத்தினார். "பின்னாளில் எங்கள் கட்சியும் பிழை விட்டது, எதிர்த்தவர்களை உள்ளே போட்டது. அதற்காக நான் இந்தத் தொப்பியைப் போடவில்லை. இது அந்தப் பையன்களின் தொப்பி. படித்தவர்களுக்குப் பட்டம் இருந்தது, எங்களுக்கு ஜெயில் இருந்தது. அதனால் பிரிசன் கிராஜுவேட்."

ஜெர்மன் விளங்கிய பிள்ளைகள் 'கெஃபெங்னிஸ்' என்ற ஜெயில் சொல்லைக் கேட்டுக் குசுகுசுத்தார்கள். முன்வரிசைப் பெரியவர்கள் தமிழுக்காக அல்பேர்ட்டின் வாயைப் பார்த்தார்கள். மாற்றிச் சொல்ல அது நல்ல தருணம்தான். அவருடைய கை தன்னாலேயே கோட்டுக் கழுத்துக்குப் போனது. அங்கே எப்போதும் ஒரு குண்டூசி குத்தியிருக்கும். அதைத் தொட்டுப் பார்த்தார். பக்கத்தில், தான் தைத்த தொப்பியோடு, தன் முறை முடிந்த சந்தோசத்தில் கோஜோ நின்றார். இந்த மனிதரின் பட்டத்தை நான் எப்படி மறைப்பேன் என்று அல்பேர்ட் நினைத்தார். ஊசியை விட்டுவிட்டார்.

"அண்ணை படிச்ச இடம் மறியல். பி.ஜி. எண்டால் மறியல் பட்டதாரி எண்டு அர்த்தம். மாஸ்ரரில பிழையில்லை, நான்தான் பிழையா விளங்கிச் சொல்லிப்போட்டன்."

மாஸ்ரர் கையிலிருந்த அழைப்பிதழைப் பார்த்தார். அல்பேர்ட் இறங்கியிருக்கலாம், இறங்கவில்லை.

"இன்னொண்டும் சொல்லவேணும். நான் எதுவரை படிச்சனான் எண்டு நீங்கள் எல்லாரும் கேட்டிருக்கிறியள். நானும் அந்தப் பள்ளிக்கூடத்திலதான் ஒரு வருசம் இருந்தனான். அதாலதான் ஏ.எல். எடுக்கேல்லை."

சொல்லிவிட்டுக் காலடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பின்வரிசையில் ஒரு கதிரை கிறீச்சிட்டது. பேக்கரி வின்சன்ற் எழுந்து, வகுப்பில் பிள்ளைகள் உயர்த்துவதுபோலக் கையை உயர்த்தினார்.

"நானும், அல்பேர்ட். பி.எஸ்சி. முடிச்ச கையோட."

அவருடைய மகள் தகப்பனை அண்ணாந்து பார்த்தாள். சுவரோரம் நின்றவர்களில் ஒரு கை உயர்ந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாக மண்டபம் முழுக்கக் கைகள். பிள்ளைகள் ஒவ்வொருவரும் தங்கள் தங்கள் தகப்பனைத் திரும்பிப் பார்த்தார்கள். கடைசியாக, மைக்குக்குப் பக்கத்தில், கையில் அழைப்பிதழ் இருந்ததையும் மறந்து ஜேசுரட்ணம் மாஸ்ரரும் கையை உயர்த்தினார்.

தமிழ் விளங்காத கோஜோ திகைத்துப்போய் அல்பேர்ட்டின் தோளைத் தொட்டார்.

"என்ன கேட்கிறார்கள்?"

அல்பேர்ட்டுக்குக் கண் நிறைந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஜெர்மனில் சொன்னார்.

"தொப்பி. எல்லாருக்கும் ஒவ்வொரு தொப்பி வேணுமாம்."