தரைவரை போன பெடல்

பஸ் டிரைவரின் வீட்டில் ஒரு ரேஸ் கார் இருந்தது. அதற்கு என்ஜின் கிடையாது, சக்கரம் கிடையாது, நகரவும் நகராது. பின்னறையில் பழைய காரிலிருந்து கழற்றிய ஒரு சீட், இரும்புச் சட்டத்தில் பூட்டிய ஸ்டீயரிங், கீழே பெடல்கள், எதிரே பெரிய திரை. அவ்வளவுதான் அந்தக் கார். காலை ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட்ட கையோடு அதில் உட்கார்ந்தால், மனைவி நாலு தரம் கூப்பிட்டாலும் அவர் காதில் விழாது.

"நாள் பூரா வண்டி ஓட்டிட்டு வந்து மறுபடியும் வண்டியா? ஹோட்டல்ல சமைக்கிறவன் வீட்டுக்கு வந்தும் கரண்டியைத் தூக்குவானா?" என்பாள்.

அவளுக்கு என்ன தெரியும். இருபத்திரண்டு வருடம் ஒரே பாதையில், நிறுத்தத்துக்கு நிறுத்தம் நின்று நின்று ஓட்டிய மனிதர். திரைக்குள் யாரும் மணியடித்து இறங்குவதில்லை. அதை விளையாட்டு என்று யாராவது சொன்னால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். டயர் வழுக்குவது, ரோட்டின் மேடு பள்ளம், எல்லாமே ஸ்டீயரிங் வழியாகக் கைக்கு வந்துவிடும். ஒரு மணி நேரம் ஓட்டினால் சட்டையைப் பிழியலாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இணையத்தில் பந்தயம். ஆரம்பத்தில் எப்போதும் இவர்தான் கடைசி. கூட ஓட்டுகிறவர்களுக்கு 'பஸ்கார அண்ணன்' என்றால் ஒரே சிரிப்பு. அவர்களில் ஒருவன்தான் போனால் போகிறதென்று சொல்லிக்கொடுத்தான்.

"அண்ணே, நீங்க வலது காலைத் தூக்கி பிரேக்குக்குக் கொண்டு வர்றதுக்குள்ள நாங்க வளைவைத் தாண்டிடறோம். இடது காலால பிரேக் அடிங்க."

ரேஸ் காரில் கியர் ஸ்டீயரிங்கின் பின்னாலேயே இருக்கிறது. கிளட்சை மிதிக்கும் வேலை இல்லாததால் இடது கால் சும்மாதான் கிடக்கும். நாலு மாதம் விடாமல் பழகினார். எட்டாவது இடம் வந்தார், ஐந்தாவது வந்தார், ஒருமுறை மூன்றாவதே வந்துவிட்டார். அன்று அவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

போன வியாழக்கிழமை காலை, பஸ் ஒரு வளைவில் திரும்பும்போது, தபால் கொடுக்கும் அம்மா ஒருவர் சைக்கிளில் திடீரென்று குறுக்கே வந்துவிட்டார். டிரைவர் பெடலை ஓங்கி மிதித்தார். பெடல் தரைவரை போனது, வண்டி நிற்கவில்லை. மறுபடி மிதித்தபோது நின்றது. அதற்குள் அந்த அம்மாவின் கால் எலும்பு முறிந்து, கடிதங்கள் ரோடெல்லாம் இறைந்து கிடந்தன.

"பெடல் தரைவரைக்கும் போச்சு சார், வண்டி நிக்கலை" என்று விசாரணையில் சொன்னார். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை.

பெடல் தரைவரை போனால் பிரேக் பழுது என்பது டிப்போவில் பெருக்குகிறவருக்கும் தெரியும். அன்று காலை அந்த பஸ்ஸின் பிரேக்கைப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட மெக்கானிக் வேறு யாருமில்லை, டிரைவரின் மச்சினன்தான். மனைவியின் கூடப்பிறந்த தம்பி. இருவரும் சேர்ந்து எங்கே கிளம்பினாலும் பைக் சாவியை மாமா கையில் கொடுத்துவிட்டுப் பின்னால் ஏறிக்கொள்கிறவன்.

திங்கட்கிழமை மத்தியானம், விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லப்பட்டிருந்த டிரைவர், மனம் கொஞ்சம் அமைதியாகட்டும் என்று பின்னறையில் போய் உட்கார்ந்தார். முதல் வளைவு வந்தது. அவர் நினைப்பதற்கு முன்பே இடது கால் பாய்ந்து பெடலை அடித்தது. அப்படியே நிறுத்திவிட்டுக் குனிந்து காலைப் பார்த்தார். பஸ்ஸில் இடது காலுக்குக் கீழே இருப்பது கிளட்ச். அதை எவ்வளவு ஓங்கி மிதித்தாலும் தரைவரை போகும். வண்டி நிற்காது. இரண்டாம் தரம் மிதித்து நிறுத்தியது வலது கால்.

சொன்னால் வேலையும் போகும், லைசென்சும் போகும். பிரேக்கில் பழுதில்லை என்று டிப்போவில் அவர்களே கண்டுபிடித்து மச்சினனை விட்டுவிட மாட்டார்களா, விஷயம் அப்படியே அமுங்கிவிடாதா என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். அந்த சமாதானத்தில் இரண்டு நாள் ஓடியது.

புதன்கிழமை நாலு மணிக்கு மச்சினன் வந்தான். நேராகப் பின்னறைக்கு வந்து தரையில் உட்கார்ந்தான்.

"மூணு தரம் பிரிச்சுப் பார்த்துட்டேன் மாமா. பிரேக்ல ஒண்ணுமே இல்லை."

"நல்லதுதானே மாப்ளே."

"என்ன நல்லது? நீங்க பொய் சொல்றவரா? பெடல் தரைவரைக்கும் போச்சுன்னு நீங்க சொன்னா போயிருக்கு. அப்ப நான்தான் எதையோ விட்டிருக்கேன். அன்னிக்கு அந்த வண்டியைத் தொட்டேனான்னே இப்ப எனக்கு சந்தேகமா இருக்கு. பார்க்காமலே கையெழுத்துப் போட்டுட்டேனோ என்னவோ."

டிரைவருக்கு அவனைத் தெரியும். இவன் ஒரு போல்ட்டை முடுக்கினால் இரண்டு தரம் தொட்டுப் பார்க்கிறவன்.

"மாப்ளே, பக்கத்துல வந்து உட்காரு. திரையைப் பார்க்காதே, என் காலைப் பாரு."

ஓட்டினார். முதல் வளைவு, இரண்டாவது, மூன்றாவது. மச்சினன் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இடது காலா?"

"ஆமா."

"அப்ப அன்னிக்கு மிதிச்சது கிளட்ச்சு."

டிரைவர் தலையை ஆட்டினார். மச்சினன் சுவரில் சாய்ந்து பெரிதாக மூச்சு விட்டான். "நான் பார்த்திருக்கேன்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். "பார்த்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டிருக்கேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"உங்களுக்கு இது எப்பத் தெரியும் மாமா?"

இப்போதுதான் என்று சொல்லிவிட நாக்கு துடித்தது.

"திங்கக்கிழமை."

"நேத்துதான் மாமா, தப்பு என் பேர்லதான்னு எழுதிக் கொடுத்தேன்."

டிரைவர் திரையை அணைத்தார். பிறகு எழுந்து சட்டையை மாட்டினார். "ஆபீஸ் அஞ்சு மணி வரைக்கும் இருக்கும். வா, போய்ச் சொல்லிடறேன்."

வாசலில் பைக் நின்றது. பழக்க தோஷத்தில் சாவிக்காகக் கையை நீட்டினார். மச்சினன் கொடுக்கவில்லை.

"நீங்க பின்னால உட்காருங்க மாமா."

உட்கார்ந்தார். டிப்போ போய்ச் சேரும்வரை ஒவ்வொரு வளைவிலும் அவருடைய இடது கால் தானாக அழுந்தியது.