அவர் குடித்த ஒரு கோப்பைத் தண்ணீர்

யுத்தம் முடிந்த பிறகு, ஆலங்குடாவில் எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக்கு எடுத்துப்போக ஒருவர் வந்தார். மெலிந்த மனிதர். வெயிலில் வெளுத்த சட்டை. ஒவ்வொரு போத்தலையும் மூடியதும் சட்டை நுனியால் துடைத்து, முட்டை அடுக்குவதுபோல் பெட்டிக்குள் வைப்பார்.

பழைய பெட்டரி ஈயத்தை உருக்கி மீன் வலைக்குக் குண்டு வார்ப்பது என் வேலை. அதைக் கிணற்றடியில்தான் செய்வேன். கசடையும் அங்கேயே கொட்டுவேன். அவர் அந்தக் கசடையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மனைவி குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தாள். “வேணாம் தங்கச்சி” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்த நாளிலிருந்து இப்படி எத்தனை முகங்களைப் பார்த்திருக்கிறேன்!

“கொதிக்க வெச்ச தண்ணிதான் சேர். அகதி ஊட்டுத் தண்ணியெண்டா தொண்டையில எறங்காதோ?” என்றேன்.

அவர் கை நீட்டினார். கோப்பையை வாங்கி, சொட்டு மிச்சமில்லாமல் குடித்தார்.

போகும்போது வாசலில், அண்ணனை அழைப்பதுபோல் அழைத்து, என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார்: “நானா, ஈயம் கலந்திருந்தா கொதிக்க வெச்சும் போகாது. முடிவு வரும்வரைக்கும் புள்ளைகளுக்கு இந்தத் தண்ணியக் குடுக்காதீங்க.”

“அப்ப நீங்க ஏன் குடிச்சீங்க?”

“நீங்க அப்பிடிக் கேட்ட பொறகு குடிக்காம எப்பிடி நானா போறது?”

முடிவு வந்தது: தண்ணீரில் ஈயம். கிணற்றை மூடினோம். கடிதம் கொண்டுவந்தவர் வேறோர் ஆள். அவருக்குக் கடையில் வாங்கிய போத்தல் தண்ணீரைக் கொடுத்தேன். அவர் குடித்து முடிக்கும்வரை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.