உள்ளங்கையில் ரோஸ் பெங்கால்

மயிலாப்பூர் மாடவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் அண்ணா ராமானுஜத்தின் வீட்டில்தான் சுந்தரவல்லி இருந்தாள். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் புருஷன் டைபாய்டில் போய்விட்டான். எம்.எஸ்ஸி. படித்தவளை மூலையில் உட்காரவைக்க அண்ணாவுக்கு மனசில்லை. சொந்தக்காரர்கள் முணுமுணுத்ததைக் காதில் வாங்காமல் அடையாறில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் பிஎச்.டி.க்குச் சேர்த்துவிட்டார். அது 1970.

வெளிச்சத்தை வைத்து அணுக்களைப் பிணைப்பதுதான் அவள் வேலை. மற்றவர்கள் அதற்குப் பாதரச விளக்கையும் அதன் கண்ணுக்குத் தெரியாத கதிரையும் நம்பியிருந்தார்கள். சுந்தரவல்லி வீட்டில் எரிகிற மாதிரி சாதாரண பல்பை வைத்துக்கொண்டாள். வெறும் பல்பு வெளிச்சத்துக்குத் தானாக அந்தச் சக்தி கிடையாது. ரோஸ் பெங்கால் என்ற சாயத்தைக் கரைசலில் கலந்தால், அது வெளிச்சத்தைப் பிடித்து ஆக்ஸிஜனுக்குக் கைமாற்றிவிடும். உசுப்பப்பட்ட ஆக்ஸிஜன் போய், தைலத்திலிருந்து பிரித்தெடுத்த சேர்மத்தின் கார்பனோடு ஒட்டிக்கொள்ளும். சாயம் செலவாகாமல் அப்படியே மிஞ்சும். ஆனால் வேலை ஆமை வேகத்தில் நடந்தது. காலையில் பல்பைப் போட்டால் சாயங்காலம்வரை பாதிகூட முடியாது.

ஒரு சனிக்கிழமை குடுவையின் ரப்பர் குழாய் பிடுங்கிக்கொண்டது. தாங்கிப் பிடிக்கப் போனவளின் இரண்டு கைகளிலும் கரைசல் கொட்டியது. சோப்பு, சீயக்காய், புளி எதற்கும் அது மசியவில்லை. உள்ளங்கை முழுக்க நல்ல ரோஜாச் சிவப்பு.

மறுநாள் அண்ணா பெண் கோமளாவுக்கு நிச்சயதார்த்தம். பிள்ளை வீட்டார் திருவல்லிக்கேணியிலிருந்து வந்திருந்தார்கள். சுந்தரவல்லி கூடத்துப் பக்கமே வரவில்லை. யாரும் சொல்லவில்லை, அவளாகவே கொல்லைப்புறத்தில் இருந்துகொண்டாள். கால் அலம்ப வந்த சம்பந்தி மாமி, தண்ணீர் மொண்டு கொடுத்த கையைப் பார்த்துவிட்டாள்.

"கையில என்னம்மா, மருதாணியா?"

அடுக்களையில் பேச்சு நின்றது. வெறும் நெற்றியும் வெளிர்புடவையுமாக நின்றவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆராய்ச்சிக்கூடத்துச் சாயம் என்று சொல்லியிருக்கலாம். வாய் வேறு எதையோ சொல்லிற்று.

"இல்லே மாமி, பீட்ரூட் நறுக்கிண்டிருந்தேன்."

பிள்ளைக்கு பீட்ரூட் கறி என்றால் ரொம்பப் பிடிக்கும் என்று மாமி சந்தோஷப்பட்டாள். வீட்டிலோ ஒரு பீட்ரூட்கூட இல்லை. அடுக்களையிலிருந்த மன்னி அண்ணாவைக் கூப்பிட்டுக் காதில் சொல்ல, அவர் பட்டு வேஷ்டியோடு பின்வாசல் வழியாகத் தண்ணித்துறை மார்க்கெட்டுக்கு ஓடினார். பிறகு பந்தியில் கறி பரிமாறப்பட்டது. கோமளா இலையிலிருந்து தலை நிமிர்ந்து, அடுக்களை வாசலில் நின்ற அத்தையை ஒருதரம் பார்த்தாள். அத்தை விஞ்ஞானி என்று அவள் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டவள். அந்தப் பார்வையைச் சுந்தரவல்லியால் தாங்க முடியவில்லை.

எல்லோரும் போன பிறகு அண்ணா மெல்லச் சொன்னார்: "உள்ளதைச் சொல்லியிருந்தா நான் உன் பக்கத்துல நின்னிருப்பேன்."

"மாமி கேக்கறச்சே நீ கூடத்துலதானே அண்ணா இருந்தே? காதுல விழலையா?"

அவர் காதில் விழுந்திருந்தது. அதற்கப்புறம் அன்று முழுக்க இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை குடுவையில் மிச்சமிருந்ததைக் கொட்ட மனம் வராமல் மெத்தனாலை விட்டு நிரப்பினாள். புதுச் சாயம் எடைபோட டப்பாவைத் தொடவே அவளுக்குப் பிடிக்கவில்லை. கரைசல் ரோஸ்மில்க் மாதிரி வெளுத்திருந்தது. பல்பைப் போட்டாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே கரைசல் ஆக்ஸிஜனை இழுப்பதை நிறுத்திவிட்டது, அதாவது வேலை முடிந்துவிட்டது. ஆக்ஸிஜனை அளக்கும் கருவி கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். சேர்மத்தைப் பழைய அளவிலேயே போட்டு, சாயத்தை மட்டும் குறைத்துத் திரும்பச் செய்தாள். பழைய வேகத்தைப்போல் பல மடங்கு. விஷயம் இவ்வளவுதான்: சாயம் கெட்டியாக இருந்தபோது வெளிச்சம் கண்ணாடியோரத்திலேயே நின்றுபோயிருக்கிறது, நடுவில் இருந்ததெல்லாம் இருட்டு. இத்தனை மாசமாக இது தோன்றவில்லையே என்று அதற்கும் வெட்கமாயிருந்தது.

கைடு சுப்புராயன் அதைக் கருத்தரங்கில் பேசச் சொன்னார். பேசி முடித்ததும் வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர், சாயத்தைக் குறைக்கலாம் என்ற யோசனை எப்படி வந்தது என்று கேட்டார். கௌரவமாக ஒரு காரணம் நாக்கு நுனிவரை வந்தது. கொல்லைப்புறத்தில் நின்ற நிமிஷமும் கூடவே வந்தது.

"யோசிக்கலை சார். கை தவறிக் கொட்டிட்டேன்."

சிலர் சிரித்தார்கள். முகம் சூடாகிவிட்டது. ஆனாலும் அடுத்த கேள்விக்கு நின்று பதில் சொன்னாள். அந்த வேலைதான் பின்னால் அவளுக்குப் பட்டமும், தி. நகரில் ஒரு கல்லூரியில் லெக்சரர் வேலையும் வாங்கிக் கொடுத்தது.

கோமளா கல்யாணமாகிப் போன மறுவருஷம், பிறந்த வீட்டுக்கு வந்திருந்தபோது பேச்சுவாக்கில் ஒன்று சொன்னாள். நிச்சயதார்த்தத்தன்று அத்தையின் கையைப் பார்த்துவிட்டு மாமியார் தன் ஆத்துக்குப் போனதும், சின்ன வயசுப் பொண்ணு, ஆசையா மருதாணி இட்டுண்டா என்ன, அதுக்குப் போய் பயந்துண்டு எதையோ சொல்றதே என்று வருத்தப்பட்டாளாம்.

சுந்தரவல்லி அன்று சாப்பிடவில்லை. அந்த மாமியைத் தன்னை எடைபோட வந்தவளாகவே இத்தனை நாளும் மனசுக்குள் வைத்திருந்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறித் திருவல்லிக்கேணிக்குப் போய், சாயம், பல்பு, ஆக்ஸிஜன், பொய் எல்லாவற்றையும் மாமியிடம் சொன்னாள். மாமி குறுக்கிடாமல் கேட்டாள்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே, குழந்தே. நான் என்ன சொல்லிடப் போறேன்?"

சுந்தரவல்லி தலை குனிந்தபடியே இருந்தாள். மாமி எழுந்து காப்பி கலக்கப் போனாள்.