துரையின் ஆட்டுக்குட்டி

நேற்று அருப்புக்கோட்டைச் சந்தையில் ஈர ஆட்டுத்தோல் வாடை மூக்கில் ஏறியதுமே, யுத்த காலத்தில் பருத்தி வாங்க வந்து பரளச்சியிலேயே தங்கிவிட்ட ஸ்காட்லாந்துத் துரையும், வெயில் தாழ்ந்ததும் தோல்பையைக் கக்கத்தில் இடுக்கி அதில் செருகிய குழலில் அவர் ஊதும் அவருடைய ஊர்ப் பாட்டும், அந்தச் சத்தத்துக்கு எந்தக் காட்டில் மேய்ந்தாலும் ஓடிவந்து அவர் முழங்காலை முட்டும் அவரது வெள்ளாட்டுக்குட்டியும் எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டன.

ஒரு கோடையில் அந்தப் பை கிழிந்துவிட, புதுத்தோல் கேட்டு எங்கள் அய்யாவிடம் வந்தார். சொந்தக் கிடையில் ஓர் ஆட்டைக் குறைக்க மனமில்லாத அய்யா, துரையின் ஆட்டையே பிடித்து உரித்து, மயிர் களைந்து, ஆவாரம்பட்டையில் ஊறவைத்துப் பதமாக்கிக் கொடுத்தார். கறி எங்கள் வீட்டில் வெந்தது. நானும் எலும்பை உறிஞ்சினேன்.

ஆட்டைக் காணோமென்று துரை தவித்தபோது அய்யா சொன்னார்: “ஊதுங்க தொரை, சத்தங் கேட்டா வந்துரும்.”

புதுப்பையை அணைத்து ஊதிக்கொண்டே கரிசல் முழுக்க அலைந்தார். பிள்ளைகள் நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு பின்னாலேயே போனோம். மழைக்கு முன்பே காய்ச்சலில் செத்துப்போனவரை, அந்தப் பையோடு சேர்த்தே புதைத்தார்கள்.

“இனிமே தேட மாட்டாரு ஆத்தா, ஆடு கூடத்தான இருக்கு” என்றார் அய்யா என்னிடம்.

குழிமேட்டில் முதலில் சிரித்தவள் நான்தான்.